கிணறும் குளமும் கெட்டால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை (கன்னியாகுமரி மாவட்டத்துக்கு)

கிணற்று நீர் கெட்டுவிட்டது, வந்து பாருங்கள் என்று அழைக்கும் வீடுகள் பலவற்றில், நான் போய்ச் சேர்வதற்குள் சமையலறைச் சுவரில் புதிய வடிகட்டும் இயந்திரம் ஒன்று மாட்டப்பட்டிருக்கும். கிணற்றையும் அதற்கு மேற்புறம் உள்ள நிலத்தையும் ஒரு தடவை நடந்து பார்த்திருந்தால் அந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்பட்டிராது. நம் மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதால், நீரைக் கெடுக்கிற காரணமும் கூப்பிடு தூரத்திலேயே, நீர் வந்து சேரும் வழியிலேயே இருக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், செலவு கூடியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். ஒரு படியைப் பார்த்து முடித்த பிறகே அடுத்த படிக்குப் போவது நல்லது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு வெள்ளை வாளி, மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில் இரண்டு, நுனியில் கல் கட்டிய நீளக் கயிறு, முகம் பார்க்கும் கண்ணாடி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவது), பி.எச். தாள் (நீரின் புளிப்பைக் காட்டுவது). சோதித்துப் பார்க்கும் முன் கிணற்றில் படிகாரமோ பிளீச்சிங் பவுடரோ சுண்ணாம்போ போடாதீர்கள். போட்டுவிட்டால் அடுத்த சில நாட்களுக்கு எந்தச் சோதனையும் உண்மையைச் சொல்லாது.

## அறிகுறி 1: கிணற்று நீர் கலங்குகிறது

கலங்கல் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தில் பாதி தெரிந்துவிடும்.

மழை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் கலங்கினால்

மேல்நீர் நேராகக் கிணற்றுக்குள் இறங்குகிறது என்று பொருள். நல்ல வெயில் நேரத்தில் கிணற்றோரம் நின்று, முகம் பார்க்கும் கண்ணாடியால் சூரிய ஒளியை உள்ளே திருப்பி அடித்து, மேலிருந்து ஒவ்வொரு உறையாக (கிணற்றுச் சுவராக அடுக்கிய வளையம்) சுற்றிப் பாருங்கள். டார்ச் விளக்கில் தெரியாதது இந்த ஒளியில் தெளிவாகத் தெரியும். இரண்டு உறைகள் சேரும் இணைப்பில் செம்மண் கோடு வழிந்திருந்தாலும், மெல்லிய வேர் எட்டிப் பார்த்தாலும், ஓரிடத்தில் மட்டும் பாசி ஈரமாகப் படர்ந்திருந்தாலும் நீர் அந்த வழியாகத்தான் வருகிறது. நீர்மட்டத்துக்கு மேலே உள்ள இணைப்புகளைச் சிமென்ட் கலவையால் அடைத்துவிடலாம். அடியில் உள்ள இணைப்புகள் ஊற்று வரும் வழி. அவற்றை அடைக்கக் கூடாது.

அடுத்து கிணற்றங்கரைத் தளத்தைப் பார்க்க வேண்டும். கிணற்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்காவது வெளிப்புறம் சரிந்த சிமென்ட் தளமும், அதில் விழும் நீரை அப்பால் கொண்டுபோகும் சிறு வாய்க்காலும் இருக்க வேண்டும். தளத்துக்கும் கைப்பிடிச்சுவருக்கும் இடையே விரல் நுழையும் அளவு வெடிப்பு இருந்தால் போதும், துணி துவைத்த நீரும் கோழிக்கூட்டுக் கழிவும் அதன் வழியே கிணற்றுக்குள் போய்விடும்.

மழை நின்று ஒன்றிரண்டு நாள் கழித்துக் கலங்கினால்

காரணம் மேட்டு நிலத்தில் இருக்கிறது. விளவங்கோடு, கல்குளம், திருவட்டாறு பகுதிகளில் பழைய ரப்பர் மரங்களை வெட்டி மறுநடவு செய்த விளைகளும் (மேட்டுத் தோட்ட நிலங்கள்), வீடு கட்ட மண் வெட்டி எடுத்த சரிவுகளும் முதல் இரண்டு மழைக்காலங்களுக்கு மண்ணை இறக்கிக்கொண்டே இருக்கும். விளைக்காரரிடம் பேசி, சமமட்டத்தில் தளம் வெட்டுவது, இடையிடையே நீர்க்குழி எடுப்பது, புயரேரியா அல்லது முக்குனா கொடியை மூடுபயிராகப் படர விடுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டையாவது செய்யச் சொல்லுங்கள். மேல்மண் போனால் இழப்பு அவருக்குத்தான் என்பதை எடுத்துச் சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள்.

மோட்டார் போடும்போது மட்டும் கலங்கினால்

ஃபுட் வால்வு (மோட்டார் நீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையில் உள்ள வால்வு) சேற்றுக்கு அருகில் தொங்குகிறது. கல் கட்டிய கயிற்றை இறக்கி அடிமட்டத்தை அளந்து, வால்வை அதிலிருந்து இரண்டு அடியாவது உயர்த்துங்கள். உயர்த்தினால் தண்ணீர் எட்டாது என்ற நிலை இருந்தால் கிணற்றைத் தூரெடுக்க வேண்டும். நீர் வற்றியிருக்கும் ஏப்ரல், மே மாதங்களே அதற்கு ஏற்ற காலம்.

தொழிலாளியை அழைக்க வேண்டிய கட்டம்: உறை ஒன்று விலகியிருந்தாலோ, உறைக்குப் பின்னால் தட்டும்போது வெற்றிடம் போல் ஒலித்தாலோ, சுற்றியுள்ள தரை தாழ்ந்திருந்தாலோ நீங்களாக இறங்காதீர்கள். பெட்ரோல், டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கவே கூடாது. அதன் புகை தேங்கி ஆளைக் கொல்லும். உள்ளே இறக்கிய விளக்கு அணைந்தால் யாரும் இறங்கக் கூடாது என்பது உறுதி. ஆனால் விளக்கு எரிகிறது என்பதனாலேயே உள்ளே நச்சுக் காற்று இல்லை என்று எண்ணிவிட முடியாது.

## அறிகுறி 2: செங்கறை, துருச்சுவை, நீர்மேல் எண்ணெய் போன்ற படலம்

மேற்குப் பகுதிச் செம்புரை (இரும்பு மிகுந்த சிவந்த கல்மண்) நிலத்தில் இது அன்றாடப் புகார். முதலில் குழாயைச் சந்தேகியுங்கள். கிணற்றில் இருந்து கயிற்று வாளியால் கோரிய நீரை ஒரு பாட்டிலிலும், குழாயில் பிடித்த நீரை இன்னொரு பாட்டிலிலும் நிரப்பி மூடி, இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். குழாய் நீரில் மட்டும் துரு படிந்தால் பழைய இரும்புக் குழாயை மாற்றினால் போதும். இரண்டிலுமே, கோரும்போது தெளிவாக இருந்த நீர் காலையில் மஞ்சளாகிச் செம்பொடி படிந்திருந்தால், நிலத்திலிருந்தே இரும்பு கரைந்து வருகிறது.

நீர்மேல் பளபளக்கும் படலத்தைக் கண்டு மோட்டார் எண்ணெய் கசிகிறது என்று மோட்டாரைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு குச்சியால் படலத்தைக் கீறிப் பாருங்கள். எண்ணெய் என்றால் கீறிய இடம் உடனே கூடிக்கொள்ளும். இரும்பு நுண்ணுயிரியின் படலம் என்றால் கண்ணாடிச் சில்லு போலத் துண்டு துண்டாக உடைந்து, கூடாமல் மிதக்கும். இந்த நுண்ணுயிரியால் நோய் வராது. ஆனால் குழாயின் உட்புறம் செம்மண் நிறக் கொழகொழப்பாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். கிணற்றைத் தூரெடுத்துக் குளோரின் இடுவது சில மாதங்களுக்குப் பலன் தரும்.

இரும்பை நீக்குவதற்கு மலிவான வழி காற்றுப்படச் செய்வது. மேல்நிலைத் தொட்டிக்குள் போகும் குழாயின் முனையில் பூவாளி மூக்குப் பொருத்தி, நீர் தெளித்து விழும்படி செய்து, சில மணி நேரம் தேங்கவிட்டு, பிறகு மணல் வடிகட்டி வழியாக எடுத்தால் கறை பெருமளவு குறையும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பாத்திரத்திலும் கறை பிடிக்கும் என்பதால், கறை தெரிகிறது என்பதற்காகப் பதற வேண்டியதில்லை. இதே நிலங்களில் நீர் சற்றுப் புளிப்பாகவும், பி.எச். 6.5-க்குக் கீழாகவும் இருப்பது இயல்பு. பித்தளைக் குழாய் மூக்கில் பச்சை நீலக் கறை படிவது அதற்கு அடையாளம். காற்றுப்படச் செய்தும் மணலில் வடித்தும் கறை குறையவில்லை என்றால் நீரை ஆய்வகத்தில் கொடுத்து, இரும்பின் அளவும் பி.எச். அளவும் தெரிந்த பிறகே இரும்பு நீக்கும் கருவி பற்றி விற்பனையாளரிடம் பேச வேண்டும்.

## அறிகுறி 3: நாற்றம் அடிக்கிறது, அல்லது வீட்டில் அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது

இந்த ஒரு அறிகுறியில் மட்டும் முதலில் செய்ய வேண்டியது சோதனையல்ல. குடிக்கவும் பல் துலக்கவும் உள்ள நீரை, கொதி வந்த பின் ஒரு நிமிடமாவது நன்கு கொதிக்க வைத்துப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டுத்தான் காரணத்தைத் தேட வேண்டும். நீர் தெளிவாக, மணமின்றி, சுவையாக இருப்பது இந்த விஷயத்தில் எதையும் நிரூபிக்காது. இம்மாவட்டத்தில் நான் பார்த்த மோசமான கிணறுகள் சிலவற்றில் நீர் பளிங்காகத்தான் இருந்தது.

கிணற்றுக்குள் ஏதேனும் விழுந்திருக்கிறதா? பூனை, எலி, அழுகிய தேங்காய், உதிர்ந்த இலை. வலை போடாத கிணறுகளில் இதுவே முதல் காரணம். எடுத்துவிட்டு, கிணற்றை முழுக்க இறைத்துக் குளோரின் இட்டு, மேலே வலை கட்டினால் வேலை முடிந்தது.

அழுகிய முட்டை நாற்றம், அதுவும் காலையில் முதல் நீரில் மட்டும் என்றால் நீர் குழாயிலோ தொட்டியிலோ தேங்கிக் கெட்டிருக்கிறது. தொட்டியைக் கழுவி, குழாயில் தேங்கியதைத் திறந்துவிட்டுப் பாருங்கள்.

மழைக்காலத்தில் மட்டும் நாற்றமோ நோயோ வருகிறது என்றால் கழிப்பறைக் குழியைப் பாருங்கள். நம் ஊர்களில் செப்டிக் டேங்க் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி அடித்தளம் பூசாத உறைக்குழிதான். அதில் விழுவது எதுவும் தங்காமல் நிலத்துக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். கிணற்றின் நீர்மட்டம் தரையில் இருந்து எத்தனை அடி கீழே இருக்கிறது என்று கயிற்றால் அளந்து, குழியின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். குழி எட்டு அடி ஆழம், வடகிழக்குப் பருவமழையில் கிணற்று நீர் ஆறு அடிக்கு ஏறி நிற்கிறது என்றால், உங்கள் குழி நிலத்தடி நீருக்குள்ளேயே இரண்டு அடி மூழ்கிக் கிடக்கிறது. கோடையில் நல்லதாக இருந்த கிணறு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கெடுவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 15 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான விதி. ஐந்து சென்ட் மனை சதுரமாகவே இருந்தாலும் அதன் ஒரு பக்கம் 47 அடிதான் வரும். 15 மீட்டர் என்பதோ 49 அடி. மூலைக்கு மூலை வைத்தால் ஒழிய விதியைக் கடைப்பிடிக்க இடமில்லை. அப்படி நீங்கள் வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றை ஒட்டிய மதிலுக்கு அப்பால் இருக்கக்கூடும். ஆகவே சொந்தக் குழியை மட்டும் பார்ப்பதில் பயனில்லை. கிணற்றைச் சுற்றி 15 மீட்டருக்குள் உள்ள எல்லாக் குழிகளையும், குறிப்பாக மேட்டுப்புறத்தில் உள்ளவற்றை, ஒரு தாளில் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் மனத்தாங்கல் வராமல் இதைச் செய்வது, உறை இறக்குவதைவிடக் கடினமான வேலை என்பது என் அனுபவம். அவர்கள் கிணற்றுக்கு யாருடைய குழி அருகில் இருக்கிறது என்பதையும் அதே தாளில் குறித்துக் காட்டினால் பேச்சு எளிதாகும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்: ஊராட்சியிடம் உள்ள களநீர்ப் பரிசோதனைப் பெட்டியில் சிறு மருந்துப் பாட்டில் இருக்கும். அதில் கிணற்று நீரை நிரப்பி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் கருப்பாக மாறும். அதே பெட்டியில் நைட்ரேட் சோதனையும் உண்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவான லிட்டருக்கு 45 மில்லிகிராமை அது தாண்டினால் கழிவுநீர் அல்லது உரம் கலப்பது ஏறத்தாழ உறுதி. கொதிக்க வைப்பதால் நைட்ரேட் குறையாது என்பதால், அந்த நீரைக் கைக்குழந்தைக்குப் பால் கலக்கப் பயன்படுத்தவே கூடாது. கடலில் இருந்து தள்ளியுள்ள ஊர் என்றால் இன்னொரு எளிய வழி இருக்கிறது. உங்கள் கிணற்றின் டி.டி.எஸ். அளவையும், மேட்டுப்புறத்தில் குழிகள் அருகில் இல்லாத ஒரு கிணற்றின் அளவையும் ஒரே நாளில் எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் இடையில் ஏதோ கலக்கிறது.

குளோரின் இடும் முறை: கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, 4-ஆல் வகுத்து, நீரின் ஆழத்தால் பெருக்கினால் கனமீட்டர் கணக்கு கிடைக்கும். 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 9,400 லிட்டர் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்ற கணக்கில் இதற்கு 24 கிராம் போதும். வெள்ளம் புகுந்திருந்தாலோ கழிவு கலந்தது உறுதியானாலோ அதை இரட்டிப்பாக்கலாம். பவுடரை வாளியில் குழைத்து, நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றி, அந்த வாளியைக் கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் படிந்த சுண்ணாம்பைக் கிணற்றில் கொட்டக் கூடாது. குறைந்தது ஒரு மணி நேரம் கழிந்த பிறகே நீரைப் பயன்படுத்தலாம். மாலையில் இட்டுக் காலையில் எடுப்பது வசதி. கலங்கிய நீரில் குளோரின் வேலை செய்யாது. முதலில் தெளிய வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் ஆன, நெடி போன பவுடரால் பயனில்லை.

குழியில் இருந்து கசிவு தொடரும் வரை குளோரின் தற்காலிகத் தீர்வுதான். நிலையான தீர்வுகளைச் செலவு வரிசையில் சொன்னால், நிரம்பிய குழியை உரிமம் பெற்ற கழிவுநீர் ஊர்தி கொண்டு காலி செய்வது, அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தொட்டியாக மாற்றிக் கட்டுவது, கசிவுநீரை வாழையும் கல்வாழையும் நட்ட ஆழமற்ற சரளைப் பாத்திக்குத் திருப்புவது, கடைசியாக மனையின் மேட்டு மூலையில் புதுக் கிணறு வெட்டுவது. குழிக்குள் எந்த ஆளையும் இறக்கக் கூடாது. அது உயிராபத்து, மனிதரைக் கொண்டு கழிவகற்றுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

அதிகாரிகளை அழைக்க வேண்டிய கட்டம்: ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கோ மஞ்சள் காமாலையோ வந்தால், உங்கள் கிணற்றைச் சரி செய்துகொண்டிருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளரிடம் உடனே தெரிவியுங்கள். பொதுக்குழாயில் கழிவு கலக்கிறதா என்பதை அவர்கள்தான் பார்க்க முடியும்.

## அறிகுறி 4: நீர் உப்புக் கரிக்கிறது

ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையிலான கடற்கரை ஊர்களிலும், மணக்குடி, கடியப்பட்டணம், தேங்காப்பட்டணம் போன்ற ஆற்று முகத்துவாரங்களை ஒட்டியும் இந்தப் புகார் வரும். காலையில் மோட்டார் போடும் முன் ஒரு முறையும், ஒரு மணி நேரம் ஓடிய பின் ஒரு முறையும் டி.டி.எஸ். எடுத்துப் பாருங்கள்.

காலையில் 600, ஓடிய பின் 1,400 என்பது போல் ஏறினால் நல்ல நீர் மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. மோட்டார் அதை வேகமாக இழுத்துவிட்டு அடியில் உள்ள உப்பு நீரைத் தொடுகிறது. இதற்குக் காசு செலவில்லை. ஃபுட் வால்வை நீர்மட்டத்துக்கு அருகே உயர்த்தி, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டுவதற்குப் பதிலாகப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து ஓட்டினால் பல கிணறுகள் சரியாகிவிடும். குதிரைத்திறன் குறைந்த மோட்டார் இங்கு நல்லது.

எந்நேரமும் ஒரே அளவு உப்பு என்றால் சுற்றுவட்டாரத்தில் என்ன மாறியது என்று கேளுங்கள். அருகில் ஐஸ் ஆலை, விடுதி, தண்ணீர் லாரிக்காரர் என யாராவது ஆழ்துளைக் கிணறு போட்டிருக்கிறார்களா? பக்கத்துக் குளம் வறண்டு கிடக்கிறதா? பொழி (ஆற்று முகத்துவார மணல்திட்டு) திறந்திருக்கும் நாட்களில் மட்டும் உப்பு கூடுகிறதா? கடலோரக் குளத்தில் நீர் நின்றால் அதைச் சுற்றியுள்ள கிணறுகளில் உப்பு இறங்குவதை ஒரே பருவத்தில் காணலாம். குழித்துறையாற்றில் கடல்நீர் ஏறுவதைத் தடுக்கப் பரக்காணியில் தடுப்பணை கட்டப்பட்டதும் இந்தக் கணக்கில்தான்.

கூரை நீரைக் கிணற்றில் விடுவது அடுத்த படி. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ ஆயிரம் லிட்டர் கிடைக்கும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் அதைச் சாலையில் ஓடவிடுவது வீண். முதல் மழை நீரை வெளியேற்றிவிட்டு, மணலும் சல்லியும் நிரப்பிய தொட்டி வழியாகவே கிணற்றுக்குள் விட வேண்டும்.

செய்யவே கூடாதது, நல்ல நீர் கிடைக்கும் என்று எண்ணி மேலும் ஆழப்படுத்துவது. கடலோர மணல் நிலத்தில் ஆழம் கூடக் கூட உப்புதான் கூடும். டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை விரும்பத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. மேற்சொன்ன எல்லாம் செய்தும் அதற்கு மேல் நின்றால்தான் ஆர்.ஓ. இயந்திரத்தை எண்ண வேண்டும். அது கழித்துவிடும் உப்பு நீரை அதே கிணற்றங்கரையில் விட்டுவிட்டு மறுபடியும் உப்பு என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழாயைக் கிணற்றில் இருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். ஊர் முழுக்கக் கிணறுகள் உப்பாகிக்கொண்டு வந்தால், தனி வீட்டு வேலையால் பயனில்லை. நீர்வளத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவுக்கு ஊராட்சி வழியாக மனு கொடுக்க வேண்டும்.

## அறிகுறி 5: ஓடை நீர் பால் போல் வெளுத்து, புளித்த நாற்றம் அடிக்கிறது

ரப்பர் பகுதியில் இதற்குக் காரணம் தேட நெடுநேரம் ஆகாது. பால் வெட்டு முடிந்து, பாலை ஆசிட் விட்டு உறைய வைத்து, ரோலரில் ஷீட் அடிக்கும்போது வெளியேறும் நீர் ஓடைக்குள் விடப்படுகிறது. வெள்ளை நிறம் நாளின் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். ஷீட் அடிக்கும் நேரத்தோடு அது பொருந்தினால் வேறு சான்று தேவையில்லை. கழிவு சேரும் இடத்துக்குச் சற்று மேலேயும் கீழேயும் பி.எச். தாள் வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். இங்குள்ள நீர் இயல்பாகவே சற்றுப் புளிப்பு என்பதால், தனியாக ஒரு அளவை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல முடியாது.

சிறு விவசாயி ஒருவருடைய ரோலர் கொட்டகை என்றால், கழிவுநீரைத் தேக்கி ஒட்டுப்பால் துணுக்குகள் படிவதற்கு ஒரு தொட்டியும், அடுத்த தொட்டியில் சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணிக்கும் ஏற்பாடும் போதும். தணிந்த நீரை விளையிலேயே விடலாம். ஆலை அளவில் வெளியேறுகிறது என்றால் நேரில் சண்டைக்குப் போகாமல், தேதியும் நேரமும் குறித்த படங்களுடன் மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

## அறிகுறி 6: குளம் பச்சையாகிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது, மீன் செத்து மிதக்கிறது

மீன்கள் விடியற்காலையில், பெரியவை முதலில், வாயை நீர்மேல் திறந்து திறந்து மூடியபடி செத்தால் நீரில் உயிர்க்காற்று குறைந்துவிட்டது. செத்த மீனை அன்றே அகற்றி, மடையைத் திறந்து புதுநீர் விட முடியுமா என்று பாருங்கள்.

பகல் பொழுதில், சிறிதும் பெரிதுமாக, எல்லா இனமும் ஒரே நேரத்தில் செத்தால் நஞ்சு கலந்திருக்கலாம். நீரைத் தொடாமல், கால்நடைகளை இறங்க விடாமல், காவல் நிலையத்துக்கும் மீன்வளத் துறைக்கும் உடனே சொல்லுங்கள்.

பச்சைப் பாசியும் ஆகாயத்தாமரையும் ஊட்டம் மிகுந்ததன் விளைவு. குளத்தைச் சுற்றி நடந்து, நீர் உள்ளே வரும் ஒவ்வொரு வாயையும் பாருங்கள். தெருச் சாக்கடை ஏதேனும் குளத்துக்குள் திருப்பப்பட்டிருக்கிறதா, குத்தகைக்கு எடுத்தவர் தாமரைக்கோ மீனுக்கோ உரம் கொட்டுகிறாரா, மேலே உள்ள ஏலாவில் (வயல்வெளியில்) இருந்து யூரியா கலந்த வடிநீர் இறங்குகிறதா என்ற வரிசையில் சரிபாருங்கள். வாய் அடைபடாமல் ஆகாயத்தாமரையை மட்டும் அள்ளுவது ஆண்டுதோறும் செய்யும் வேண்டுதல் போல் ஆகிவிடும். ஏற்ற சூழலில் அது இரண்டு வாரத்தில் இரு மடங்காகப் பெருகும். அள்ளுவதாக இருந்தால் பூத்து விதை விழும் முன் அள்ளி, கரையில் குவிக்காமல், மழைநீர் திரும்ப இழுத்து வராத இடத்தில் கொண்டுபோய் மட்கச் செய்யுங்கள். களைக்கொல்லி அடித்தால் செடி அழுகி, மேலே சொன்ன மீன் சாவு வந்து சேரும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஆகிய இரண்டு ஈரநிலங்களும் 2022 முதல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் உள்ளவை. அங்கே எந்தப் பணிக்கும் முன்பு வனத்துறையிடமும் நீர்வளத் துறையிடமும் கேட்டுவிட வேண்டும்.

## அறிகுறி 7: சானலில் நீர் வருகிறது, எங்கள் குளம் மட்டும் நிரம்பவில்லை

பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளில் இருந்து கன்னிப்பூ (முதல் போக நெல்) சாகுபடிக்கு நீர் திறந்த பிறகு கடைவரம்பு ஊர்களில் எழும் கேள்வி இது. சானலில் நீர் ஓடும் நாளிலேயே, குளத்தின் வாயில் தொடங்கி மேல்நோக்கி நடந்து போங்கள். முதலில் ஷட்டர் திறந்திருக்கிறதா, அதன் அடியில் கல்லோ மரக்கிளையோ மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதிப் புகார்கள் அங்கேயே முடியும். பிறகு கரை உடைப்பும் நண்டு வளைக் கசிவும். அதன் பிறகு செடியும் மண்ணும் குப்பையும் அடைத்த இடங்கள். ஒரு காலிப் பாட்டிலை மிதக்கவிட்டுப் பத்து மீட்டர் கடக்க எத்தனை வினாடி ஆகிறது என்று நான்கைந்து இடங்களில் எடுத்தால், ஓட்டம் எங்கே தடைபடுகிறது என்று தெரியும். கடைசியில்தான் ஆக்கிரமிப்பு. அதை நீங்கள் தொடக் கூடாது. கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்பட வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து, 2007-ஆம் ஆண்டுக் குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைச் சுட்டி நீர்வளத் துறைக்கு மனு கொடுத்து, அதன் நகலை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பதிவு செய்ய வேண்டும். குளத்தின் வண்டல் மண்ணை எடுப்பதற்கும் வட்டாட்சியரின் அனுமதி வேண்டும். விருப்பம் போல் தோண்டி மடைமட்டத்துக்குக் கீழே பள்ளம் பறித்த குளங்களில் நீர் இருந்தும் வயலுக்கு இறங்குவதில்லை.

## ஆய்வகத்துக்கு நீர் கொடுக்கும்போது

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். உப்பு, இரும்பு, நைட்ரேட் சோதனைக்கு, அந்த நீராலேயே மூன்று முறை கழுவிய சுத்தமான பிளாஸ்டிக் பாட்டில் போதும். கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் கிருமி நீக்கிய பாட்டிலைத்தான் பயன்படுத்த வேண்டும். அதைக் கழுவக் கூடாது, மூடியின் உட்புறத்தைத் தொடக் கூடாது. கிணற்றில் அண்மையில் குளோரின் இட்டிருந்தால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கு வேறு பாட்டில் தருவார்கள். ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம் கடந்தால் முடிவை நம்ப முடியாது. பாட்டிலின் மேல் கிணற்றின் இடம், ஆழம், எடுத்த நாளும் நேரமும், கடைசியாக மழை பெய்த நாள், அருகில் உள்ள குழியின் தூரம் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். இந்த விவரங்கள் இருந்தால் அறிக்கையில் வரும் எண்களை உங்கள் கிணற்றோடு பொருத்திப் படிக்க ஆய்வகத்தாருக்கும் எளிது, பிறகு வரும் உறை இறக்குபவருக்கும் எளிது.